டார்கெட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எத்தனையோ பேர் தினமும் போய் வருகிறார்கள். அவர்களில் எவனும் இன்னொருவன் வயிற்றை, டார்கெட் என் வயிற்றை எரித்த அளவுக்கு எரித்திருக்க மாட்டான். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலை அளக்க ஒரு மீட்டர் இருந்து, அதை அந்த நாட்களில் என் மீது வைத்திருந்தால், மீட்டர் புகைந்து போயிருக்கும்.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். அப்போதும் பக்கத்தில் இருக்கிறவன் விலாவில் இடித்தால்தான், ஓ நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நிற்பான். மற்றபடி கல்லூரி வாட்ச்மேனிலிருந்து எங்கள் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவன் டார்கெட்தான்.

காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன போல்ட்-நட் கம்பெனியில், சரக்கின் தரம் பார்க்கிற இடத்தில் வேலை. மதியத்துக்கு மேல் பூந்தமல்லி சாலையில் இருந்த எங்கள் கல்லூரியில், ஷிஃப்ட் டூவில், என்னோடு பி.காம். தங்கியிருந்தது கோவில்பதாகையில் எங்கள் வீட்டு மாடியில், ஒற்றை அறையில். அதாவது வகுப்பில் என் பக்கத்தில், வீட்டில் என் தலைக்கு மேல். தப்பிக்க வழியே கிடையாது.

இப்போது என்னைப் பற்றி. நான் எழுத்தாளன். இன்று பத்திரிகையில் பத்தி எழுதுவதால் சொல்லவில்லை, அப்போதே எழுத்தாளன். பள்ளிக்கூடத்தில் கவிதைக்கு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன். ஒரு வார இதழ் வருடந்தோறும் போட்ட மாணவர் சிறப்பிதழுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு கதையைத்தான் அனுப்புவார்கள். கடைசி வருடக்காரர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. நான் கடைசி வருடம் போகும்போது அது என் கதைதான் என்று முதல் வருடமே முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நானும் எங்கள் அம்மாவும். தண்ணி லாரி வரும்போதெல்லாம் அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள்:

"எங்க புள்ள கதை புஸ்தகத்துல வரப் போவுது. பேரோட போடுவாங்க. போட்டோவும் போடுவாங்கோ!"

இந்த நிலையில்தான் முதல் வருடம் தமிழ் மேடம் எல்லோரையும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். மறக்க முடியாத ஒரு பயணம். டார்கெட் எழுதியதை மேடம் சத்தமாகப் படித்துக் காட்டினார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"காலை எழுந்தேன். பஸ் வந்தது. ஏறினேன். திருத்தணி வந்தது. இறங்கினேன். மிகவும் மிகவும் நன்றாக இருந்தது. நன்றி."

வகுப்பு உருண்டு சிரித்தது. நான் எல்லோரையும் விட நன்றாகச் சிரித்தேன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல பயணம் எங்கப்பா?"

"ஏறிட்டேன், எறங்கிட்டேன் மேடம். நடுவுல தூங்கிட்டேன்."

"படிக்கிறவங்களுக்கு 'அப்புறம்?'னு ஒரு கேள்வி வரணும்பா. உன்னதுல எனக்கு எப்ப முடியும்னுதான் வருது."

வேறு எவனாக இருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டிருப்பான், சாயங்காலம் மறந்திருப்பான். இவன் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கட்டுரையையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் பேசினான்.

"மச்சான், இது கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்டு."

"எதுடா?"

"மேடம் சொன்னது. எங்க கம்பெனில சரக்கு திரும்பி வந்துச்சின்னா சும்மா வுட மாட்டாங்க. அது சரியாவுற வரைக்கும் ஃபேக்டரியே அது பின்னாடிதான் சுத்தும். டிகிரி முடிக்கிறதுக்குள்ள நான் நல்லா எழுதணும். அதான் டார்கெட்டு."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "அதெல்லாம் பொறக்கும்போதே வரணும்டா."

"எங்க கம்பெனில எந்த போல்ட்டும் பொறக்கும்போதே போல்ட்டா பொறக்கல மச்சான்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. எனக்கு.

முதலில் என் கவிதையில் கை வைத்தான். அவர்கள் கம்பெனியில் ஒரு சாமான் பழுதாகிவிட்டால், ஏன் என்று கேட்பார்களாம். பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்பார்களாம். இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை என்கிற இடம் வரைக்கும் போனால் அங்கேதான் கோளாறு உட்கார்ந்திருக்குமாம். நான் பாட்டுக்கு என் புதுக் கவிதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். 'நிலவு அழுதது' என்று முதல் வரி.

"ஏன் அழுதுச்சி?" என்றான்.

"சோகம்டா."

"ஏன் சோகம்?"

"காதலி போயிட்டா."

"யாரு, நிலாவோட காதலியா?"

"கவிஞனோட காதலிடா!"

"ஏன் போய்ட்டா?"

 உண்மையில் எனக்குக் காதலியே கிடையாது. "போயிட்டாடா, விடேன்!" என்றேன்.

"அப்போ நீ அழுவேன் மச்சான். நிலாவ ஏன் இஸ்துக்கினு வர்ற? அது பாட்டுக்குக் கீது."

அந்தக் கவிதையை அதற்கப்புறம் நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இன்றைக்கும் எழுதும்போது பேனா நிலா பக்கம் போனால் இவன் குரல் கேட்கிறது. பாவி.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாடியிலிருந்து பல் தேய்த்துக்கொண்டே அந்த வாரத்து டார்கெட்டை அறிவிப்பான். வாயில் நுரையோடு அவன் அறிவிப்பதைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். முதல் வாரம் 'மிகவும்' என்ற சொல் ரத்து. அதை எழுத்தில் மட்டும் விட்டால் பரவாயில்லை, வாயிலிருந்தும் தூக்கிவிட்டான். அம்மா குழம்பு எப்படி என்று கேட்டால் ரொம்ப நல்லாருக்கு என்றுகூடச் சொல்ல மாட்டான், தட்டை நீட்டி "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்பான். அம்மாவுக்கு இது பிடித்துப் போயிற்று. மூன்று வேளையும் நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லியே வளர்ந்த பிள்ளை நான். எனக்கு ஒரு கரண்டி, அவனுக்கு இரண்டு.

இன்னொரு வாரம், யாரையும் நல்லவன் கெட்டவன் என்று சொல்லக்கூடாது, என்ன செய்தான் என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வாரம் பார்த்துத் தெருக்கோடியில் ஒருவர் புதிதாகக் குடிவந்தார். "மனுசன் எப்படி தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"நம்ம கேட்டுக்கு முன்னாடி அவரு காரை நிறுத்திட்டு, 'கேட்டைத் தொறந்து மூடும்போது பாத்து, பெயிண்ட் போயிடும்'னு சொல்றாரும்மா."

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்த மனிதரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அகந்தை, ஆணவம், இறுமாப்பு எல்லாம் போட்டு. கிழித்துப் போட்டேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது வானம், மழை, காற்று மூன்றையும் ரத்து செய்த வாரம். எழுதத் தெரியாதவன்தான் மழையைக் கூப்பிடுவான் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்களாம். கார்த்திகை மாசம் அது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்களா இல்லையா என்று டிவியில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவன் மட்டும் மழை என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டேன் என்கிறான். சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலில் நின்றவனிடம் அம்மா கேட்டாள்:

"இன்னா தம்பி, ஆவடில செம மழையா?"

டார்கெட் ஒரு நிமிஷம் யோசித்தான். "ஸ்டேசன் வாசல்ல பூ விக்கிற அம்மா, கூடைய மூடுறதா தலைய மூடுறதான்னு தெரியாம நின்னுக்கினு இருக்காங்கம்மா" என்றான்.

அம்மா "அய்யோ பாவம்" என்றாள். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது டார்கெட் என்னைப் பார்த்துச் சிரித்தான். தலையைத் துவட்டிக்கொண்டு எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இதற்குள் கதைகள் வர ஆரம்பித்துவிட்டன. எழுதியதை முதலில் என்னிடம்தான் படித்துக் காட்டுவான். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் குப்பை. ஆகா, அந்த நாட்கள்! சம்மணம் போட்டு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் கேட்பேன். மட்டமான கதையைக் கேட்பதைப்போல் ஒரு எழுத்தாளனுக்குச் சுகமான விஷயம் வேறில்லை. "பரவால்ல, முயற்சி பண்ணு" என்று முதுகில் தட்டுவேன். அவன் என் முகத்தையே பார்த்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போவான். மறுநாள் வேறு கதையோடு வருவான்.

எனக்கு அவன் ஒரு பட்டப்பெயரும் வைத்தான். கேஜு. அவர்கள் கம்பெனியில் போல்ட், நட் எல்லாம் அளவு சரியா என்று சோதிக்கிற ஒரு இரும்புச் சாமானுக்கு அந்தப் பேராம். "நீதான் மச்சான் நம்ம கேஜு" என்பான். நான் அதை விருதாக எடுத்துக்கொண்டேன். என்னை அளவுகோலாக வைத்து அவன் தன்னை அளக்கிறான், குருவாக ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று தெருவில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இரண்டாம் வருடம் முடிகிற சமயத்தில் பரிசோதனையைத் தெருவுக்குக் கொண்டுபோனான். அதாவது ஷேர் ஆட்டோவுக்கு.

ஆவடியிலிருந்து கல்லூரிக்கு நாங்கள் போவது ஒரு பாய் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில். பூந்தமல்லிக்காரர். நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் ஹாரனை விடமாட்டார். அதில் ஏறியதும் டார்கெட் என்னிடம் தனக்குத் தெரிந்தவர்களுக்கு நடந்த சங்கதியைப்போல் தன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பான். எதிரில் இருப்பவர்கள் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாக. யாராவது ஒருவர் தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டால் கதை பாஸ். எல்லோரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இறங்கிவிட்டால் கதை ஃபெயில், திருப்பி எழுத வேண்டும். இதுதான் பரீட்சை.

பல வாரம் எல்லோரும் ஒழுங்காக இறங்கினார்கள். நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் அந்தக் கதையைச் சொன்னான்.

"மச்சான், வானகரத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. புதுசா கல்யாணம் ஆனது. வேலை போயிடுச்சி. மாமியாராண்ட சொல்ல பயம். தினம் காத்தால டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வேலைக்குப் போற மாதிரியே கெளம்பிடும். நேரா செம்பரம்பாக்கம் ஏரிக்கரைல போய் குந்திக்கும். சாயங்காலம் வேலை முடிஞ்சி வர்ற மாதிரி ஊட்டுக்கு வந்துடும்."

"அப்புறம்?" என்றார் எதிரில் இருந்த பெரியவர்.

"ஒரு நாளு சாப்டலாம்னு டிபன் பாக்ஸ தொறக்குது. தள்ளி ஒரு மரத்தடில யாரோ உக்காந்துக்கினு டிபன் பாக்ஸ தொறக்கிறாங்க. யாருன்னு பாத்தா, மாமியாரு."

காடுவெட்டியில் இறங்க வேண்டிய ஒரு அக்கா இறங்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மதிய ஷிஃப்டில் தைக்கிறவர். டிபன் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யய்யோ, அப்பால?" என்றார். பாய் அதைவிட மோசம். வண்டியை உருட்டிக்கொண்டே போகிறார், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக் கதறுகிறான், இவர் காதைப் பின்பக்கம் நீட்டியபடி போகிறார். கரையான்சாவடி வந்த பிறகுதான் அந்த அக்காவுக்கு நினைவு வந்தது.

"யோவ் பாய், காடுவெட்டி எங்க?"

"பின்னால போயிடுச்சிம்மா. நானும் கவனிக்கல. இந்தத் தம்பிதான்..."

நான் பாயிடம் அவர் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். டார்கெட் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த அக்காவைக்கூட அல்ல.

கதை அதோடு நிற்கவில்லை. மறுநாள் அதே வண்டியில் அதே அக்கா. கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து டார்கெட் கையில் வைத்தார்.

"எலுமிச்சை சோறு. அந்தப் பொண்ணாண்ட குடுத்துடு தம்பி. வெயில்ல குந்திக்கினு இன்னாத்த துன்னுதோ. எங்க கம்பெனில செக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க, கூட்டிக்கினு வா, நான் சூப்பர்வைசராண்ட சொல்றேன்."

 கதையென்று சொன்னால் அந்த அக்கா மனசு உடையும், சொல்லாவிட்டால் ஆள் கொண்டுவர வேண்டும். கடைசியில், "அதுக்கு வேலை கெடச்சிடுச்சிக்கா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம்" என்றான். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாயும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தச் சோற்றை நாங்கள் இருவரும் கல்லூரி மதில் ஓரமாக நின்று சாப்பிட்டோம். வேர்க்கடலை போட்ட சோறு. ஒவ்வொரு கவளமும் எனக்கு நெஞ்சில் நின்றது. அத்தனை வருடம் எழுதியிருக்கிறேன், என் பாத்திரம் ஒன்றுக்கு எவராவது ஒரு முறுக்கு கொண்டுவந்து கொடுத்ததுண்டா?

இவனால் முடிந்தது என்னால் முடியாதா? அடுத்த வாரம் நானும் ஷேர் ஆட்டோவில் என் கதையைச் சொன்னேன். சிறப்பிதழுக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த கதை. ஓர் இளைஞன் ரயில் நிலையத்தில் நின்று வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறான். ரயில் வருகிறது. ஏறவில்லை. யோசிக்கிறான். இன்னொரு ரயில் வருகிறது. அதிலும் ஏறவில்லை.

எதிரில் இருந்த பெரியவர் பருத்திப்பட்டுக்கு முன்னாலேயே, "இங்கயே நிறுத்துப்பா, நடந்து போயிக்கிறேன்" என்று இறங்கிவிட்டார். பாய் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"தம்பி, கோச்சுக்காத. அந்தப் புள்ளைய எதுலனா ஒண்ணுல ஏத்தி வுட்டுடு. வூட்ல தேடுவாங்க."

டார்கெட் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரொம்ப அக்கறையாக, "ஏன் மச்சான் ஏறல?" என்று கேட்டான். நான் கல்லூரி வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைசி வருடம் வந்தது. தமிழ் மேடம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் சொன்னார்: சிறப்பிதழுக்கு அனுப்ப இரண்டு கதைகள் தேறியிருக்கின்றன, இரண்டையும் எழுதியவர்களே படிக்கட்டும், வகுப்பு முடிவு செய்யட்டும். அன்று காலை நான் கிளம்பும்போது அம்மா நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினாள். போட்டோ ஸ்டூடியோவுக்குப் போக என்று ஒரு புதுச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியும் வைத்திருந்தாள்.

நான் முதலில் படித்தேன். உருகி உருகிப் படித்தேன். கடைசியில் இளைஞன் ரயிலில் ஏறாமலேயே திரும்பி நடக்கிறான். நான் காகிதத்தை மடித்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. என்னை மறந்த அமைதி என்று நினைத்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாகக் கேட்டான்:

"முடிஞ்சிதா?"

அடுத்து டார்கெட் எழுந்தான். கையில் எண்ணெய்க் கறை, சட்டையில் எண்ணெய்க் கறை. அந்த ஏரிக்கரைக் கதைதான். ஆனால் நான் ஷேர் ஆட்டோவில் கேட்டது இல்லை இது. எத்தனை தடவை திருப்பி எழுதினானோ! மழை இல்லை, நிலா இல்லை, 'மிகவும்' இல்லை. அந்தப் பெண் காலையில் டிபன் பாக்ஸை மூடப் போகும்போது மாமியார் வந்து சோற்றின் மேல் ஒரு ஊறுகாய்த் துண்டை வைக்கிறாள், அவ்வளவுதான், அதைப் படித்ததும் பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஏரிக்கரை வந்தது. மரத்தடி வந்தது. எனக்குத் தொண்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதை நான் எழுதியிருக்க வேண்டும். இது எப்படி இவனுக்கு வந்தது? இந்த ஊறுகாய் எனக்கு ஏன் வரவில்லை? எங்கள் வீட்டு ஊறுகாயைத்தானே இவனும் தின்றான்! தாங்க முடியாமல் எழுந்தேன். வகுப்பின் பின்பக்கம் மூலையில் இருந்த தண்ணீர் கேனை நோக்கி நடந்தேன்.

படிக்கிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். டார்கெட் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"போதும் மேடம். இது ஓகே ஆயிடுச்சி" என்றான்.

"என்னது ஓகே ஆயிடுச்சி? படிப்பா!"

"பாஸ் மேடம். மீதி வேணாம்."

வகுப்பே எழுந்து கத்தியது. "டேய் அப்புறம்! மாமியாரு இன்னா சொன்னா? டேய் டார்கெட்டு!" ஒருவன் அவன் சட்டைப் பையில் கையை விட்டான். மேடம் மேஜையைத் தட்டி அடக்கப் பார்த்தார், பிறகு அவரே, "நான் கேக்குறேன்ல, அப்புறம் என்னாச்சு?" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குத்தான் அவன் முதல் வருடத்திலிருந்து உழைத்தான். அதைக் கவனித்தது அவனும் நானும் மட்டும். கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. அவன் கதைதான் போயிற்று.

சாயங்காலம் கல்லூரிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அவனைப் பிடித்தேன். "இன்னாடா அது, பாதில ஓகே? நக்கலா?"

"நக்கல் இல்ல மச்சான். நீ தண்ணி குடிக்கப் போன இல்ல? அதான்."

"எனக்குத் தாகம்டா!"

"கேஜுன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றான். பையிலிருந்து ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினான். இரண்டு முனை. ஒன்று நட்டின் துளைக்குள் போக வேண்டும், மற்றது போகக்கூடாது. போகக்கூடாதது போய்விட்டால் அந்தச் சாமான் தேறாது. "இது பேசாது. நல்லாருக்கு, சுமாரா கீதுன்னு கதை வுடாது. போவும், போவாது. அவ்ளோதான். நீயும் அப்டிதான். மட்டமான கதைன்னா ஜாலியா சம்மணம் போட்டு கேப்ப. நல்ல கதைன்னா உன்னால உக்கார முடியாது மச்சான். எய்ந்து தண்ணி குடிக்கப் போயிடுவ."

"எப்பலேர்ந்துடா பாத்துக்கினு இருக்க?"

"பூக்கார அம்மாலேர்ந்து."

எனக்கு வந்த கோபத்தில் டீயை அவன் மேல் ஊற்றியிருப்பேன். குருவாம்! அளவுகோலாம்! என் வயிற்றெரிச்சலை வைத்து இவன் போல்ட் சோதித்திருக்கிறான். "காலேஜ்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?" என்று கத்தினேன்.

"கேஜே தப்பா இருந்தா அளக்கறதெல்லாம் வேஸ்ட்டுடா. மத்தவனுங்க எல்லாம் எது படிச்சாலும் சூப்பர்ங்கிறானுங்க. எது நல்ல கதைன்னு நெசமா தெரிஞ்சவன் நம்ம காலேஜ்லயே நீ ஒருத்தன்தான். எனக்கே தெரியாது. உன் மூஞ்சப் பாத்துதான் தெரிஞ்சிக்குவேன்" என்றான். சொல்லிவிட்டு, தன் பன்னைப் பிய்த்து பாதியை என் சாஸரில் வைத்தான்.

பன் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சிறப்பிதழ் வந்தது. அவன் பெயர், அவன் போட்டோ. அம்மா ஆணியில் மாட்டியிருந்த புதுச் சட்டை அந்தப் போட்டோவில் இருந்தது, அவனிடம் கறையில்லாத சட்டை இல்லை என்று அம்மாதான் எடுத்துக் கொடுத்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கதையை எழுத்துக் கூட்டி முடிவு வரைக்கும் படித்தாள். கதையில் மாமியாருக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். மருமகள் தனியாக ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று தினமும் அவளும் ஒரு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, தள்ளி உட்கார்ந்து காவல் இருந்துவிட்டு, அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள். அம்மா புத்தகத்தை மூடிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தெருவில் தண்ணி லாரி வந்தபோது, "எங்க புள்ள கதை வந்துடுச்சி" என்றுதான் சொன்னாள். எந்தப் புள்ளை என்று சொல்லவில்லை.

நான் அன்றே சபதம் போட்டேன். அடுத்த கதையில் இவனைத் தோற்கடிக்காமல் விடமாட்டேன். எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். என் இளைஞனை ரயிலில் ஏற்றினேன். அவன் தாம்பரத்தில் இறங்கி என்ன செய்தான் என்று எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினால், டார்கெட் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா இது? கதை எங்க?"

"கதைதான் முடிஞ்சிச்சே மச்சான். இப்ப டார்கெட்டு பிரியாணி. பாய் ஊட்டுல சொல்லித் தர்றாங்க."

இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் உண்டா? போட்டி என்று நான் ஓடுகிறேன், இவன் பந்தயத்தை விட்டே இறங்கி வெங்காயம் நறுக்குகிறான்! அதற்கப்புறம் அவன் ஒரு கதை எழுதவில்லை. ஒன்றுகூட. எத்தனையோ கெஞ்சினேன், திட்டினேன். "ஏன் மச்சான்?" என்பான். ஏன் என்று கேட்பவனிடம் என்ன பேசுவது? பிரியாணியும் அருமையாக வந்தது.

இன்று அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியில் தரப் பிரிவுக்குத் தலைமை. வானகரத்தில் வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை. நான் இந்தப் பத்தியை வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் சிலர் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். நன்றி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பத்தியையும் நான் அவனுக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவன் படித்த உடனே பதில் போட்டுவிடுவான். "நல்லா கீது மச்சான்." எல்லா வாரமும் உடனே. ஒரு வாரமாவது கொஞ்சம் தாமதமாகுமா என்று பார்க்கிறேன். சம்மணம் போட்டு ஜாலியாகப் படிக்கிறான் பாவி, எனக்குத் தெரியாதா?

இந்த வாரம் இதை எழுதி அனுப்பினேன். இந்த வரிக்கு முன் வரைக்கும் உள்ளதை. நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். துணி மடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன், வரவில்லை. கோபமோ, பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறானோ என்று நான் 'கோபமாடா?' என்று தட்டிக்கொண்டிருந்த சமயத்தில் செய்தி வந்தது.

"இரு மச்சான். தண்ணி குடிச்சிட்டு வரேன்."

மெதுவாகக் குடித்துவிட்டு வாடா. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.